அக்காவின் நாற்பத்தாறு

எங்கள் வீட்டிலேயே அக்காவின் இதயம்தான் சோம்பேறி என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு.

எல்லாம் விரலில் மாட்டும் அந்தக் கருவியால் வந்த வினை. கொரோனாவில் அப்பா படுத்தபோது வாங்கியது. மேலே ஆக்சிஜன், கீழே நாடித்துடிப்பு என்று இரண்டு எண் காட்டும். அப்பாவுக்கு மேல் எண் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பவில்லை. அதிலிருந்து எந்த எண் இறங்கினாலும் அம்மாவுக்குப் பயம்தான்.

மறு வருடம் ஒருநாள், மல்லிகை பறித்துவிட்டு வந்த அம்மாவுக்கு உடம்பு சுட்டது. பீரோவிலிருந்து கருவியை எடுத்து எல்லோருக்கும் மாட்டினாள். மேல் எண் மூவருக்கும் நன்றாகவே இருந்தது. கீழே அம்மாவுக்கு எண்பத்தெட்டு, எனக்குத் தொண்ணூற்றைந்து. பாயில் படுத்திருந்த அக்காவுக்கு நாற்பத்தாறு.

அம்மா கருவியை உதறி மறுபடி மாட்டினாள். நாற்பத்தைந்து.

"இனிமே நீ ஓட வேணாம்."

அக்கா தினமும் நிலக்கோட்டை வரை ஓடித் திரும்புகிறவள். எட்டு நாளில் திண்டுக்கல்லில் ஐயாயிரம் மீட்டர் தேர்வு. முதல் மூன்று பேருக்குள் வந்தால் கல்லூரியில் சீட். இல்லாவிட்டால் அம்மாவோடு பூப்பறிக்க வேண்டியதுதான்.

"ஓடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், பி.டி. டீச்சர் சொன்னாங்கம்மா."

"ஒங்கப்பாவுக்கும் இப்படித்தான் இறங்குச்சு."

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஓடி ஓடிப் பழகுன இதயம்மா. ஒரு துடிப்புலயே நிறைய ரத்தத்தத் தள்ளிரும். சும்மா இருக்கையில அம்புட்டுத் துடிக்கத் தேவையில்ல. நல்லா ஓடட்டும்."

எனக்குத் தலை சுற்றியது. நான் மெதுவாகப் பூப்பறித்தால் ஏச்சு விழும். அக்காவின் இதயம் மெதுவாக வேலை பார்த்தால் டாக்டரே மெச்சுகிறார். அம்மா அவரிடம் தலையாட்டிவிட்டு வந்தாளே தவிர, தேர்வன்று கருவியை மணிபர்சில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள்.

மைதானத்தைப் பன்னிரண்டரை சுற்று சுற்ற வேண்டும். அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள் அசையவே இல்லை. பத்தாவது சுற்றில் அக்கா சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள். அங்கே குத்தியிருந்த எண் துணி அவிழ்ந்து பறந்ததால் அதைப் பிடித்தாள், அவ்வளவுதான். எனக்கோ பொழுது போகவில்லை. மணிபர்சிலிருந்து கருவியை எடுத்து அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று.

"நீ ஓடவே இல்லையேம்மா?"

அம்மாவின் கண் அக்காவை விட்டு நகரவில்லை. அவள் விரல் சில்லென்றிருந்தது.

அக்கா மூன்றாவதாக வந்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா அசந்து தூங்கினாள். நான் அக்காவின் காதில், இன்றைக்கு ஜெயித்தது அம்மாதான், நூற்று முப்பத்தொன்று எடுத்தாள் என்றேன். அக்கா சிரிப்பாள் என்று பார்த்தால், அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சீட்டுத்தான் கிடைத்துவிட்டதே, இவள் எதற்கு அழுகிறாள் என்று நிலக்கோட்டை வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.