ஜாதகம் சேராத வீடுகள்

“மேலாண்மை இயக்குநர், பொறியியல் நிறுவனம். மென்மையாகப் பேசுபவர். பயணத்தில் நாட்டம் உண்டு.” திருமண இணையதளம் மருதாசலத்தைப் பற்றி இப்படித்தான் சொல்லிவந்தது. அவர் கணபதி என்ற ஊரில் ஒற்றை அறைக் கடையில் வெட் கிரைண்டர் பழுது பார்ப்பவர். ஓடுகிற கிரைண்டருக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியதால், ஒரு டீ சொன்னாலே தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வயதுக்குள் அவர் கண்ட பயணமெல்லாம் கிரைண்டர் கல்லோடு ஸ்கூட்டரில் போனதுதான்.

கட்டணம் கட்டியவருக்குத்தான் பெண் வீட்டாரின் எண் கிடைக்கும். மூன்று வருடமாகக் கட்டினார், அழைத்தார். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்கள். தொழிலைக் கேட்பார்கள், இவர் உண்மையைச் சொல்லிவிடுவார். “ஜாதகம் சேரலீங்க தம்பி,” என்பார்கள், ஜாதகத்தை வாங்கிப் பார்க்காமலே. அப்படியே போனை வைத்துவிட்டால் மரியாதையாக இருக்காது அல்லவா? “நம்மூட்டு கிரைண்டர் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க. வந்து பாக்கறீங்களா?” இவரும் போவார். மறுத்த வீடுகளில் பாதி இன்று அவருடைய வாடிக்கை.

சந்தா முடியப்போகிறது என்று செய்தி வந்தபோது தாயார் மாசாணியம்மாள் கேட்டார்: “ஏங் கண்ணு, இது கல்யாணத்துக்குக் கட்டறதா, கடைக்குக் கட்டறதா?”

“கடைக்குன்னா லாபந்தானுங்மா.”

“அப்ப ஒரு கிரைண்டருக்கே தாலியக் கட்டிப்போடு.”

மருதாசலம் சிரித்தார். கட்டினால் இன்னும் ஒரு வருடம் ஜாதகம் சேராது. கட்டாவிட்டால், இனித் தனக்குக் கல்யாணம் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்த வாரம் அவிநாசியில் ஒரு வீட்டுக்குக் கிரைண்டர் பெல்ட் மாற்றப் போனார். அதுவும் ஜாதகம் சேராத வீடுதான். வரச்சொன்ன பெரியவர் சந்தைக்குப் போயிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அவருடைய மகள் சண்முகப்ரியா, விடுப்பில் இருந்தவர், கிரைண்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, டைரக்டரே வந்து பெல்ட் மாத்துவாருங்களா?”

மருதாசலம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அது அவங்களா எழுதுனதுங்க. ஜாதகம்தான் சேரலீன்னு உங்கப்பா...”

“எனக்கு ஜாதகமே எழுதலீங்க.”

அவர் பழைய பெல்ட்டைக் கழற்றினார்.

“நானும் அந்த சைட்டுக்குத்தான் பணங் கட்டறேன். இந்த மாசத்தோட முடியுது. மறுபடி கட்டலாமா வேண்டாமான்னு யோசனைங்க.”

“நீங்க கட்டலீன்னா,” என்றார் மருதாசலம், “நானும் கட்டலீங்க.”

சண்முகப்ரியா கிரைண்டரை விடவில்லை. “கை நோகுது, சீக்கிரம் மாட்டுங்க.” மருதாசலம் புது பெல்ட்டை மாட்டி முடித்தார். பிறகு, “ஞாயித்துக்கெழமை அப்பா ஊட்டுலதான் இருப்பாரு. உங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க,” என்றார் சண்முகப்ரியா.

மருதாசலம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாயாருடன் பஸ் ஏறி அவிநாசிக்குப் போய், பெண் கேட்டார்.