கோரலின் இடது கை

புல்லில் பந்து உருட்டி ஆடும் லான் பவுல்ஸுக்கு எங்கள் ஊரில் ஒரு கிளப் உண்டு; அதன் புல்தரைக்கு நான்தான் காவல். வெட்டுவது, நனைப்பது, உருளை ஓட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அந்தப் புல்லில் யாராவது பந்தைத் தொப்பென்று போட்டால் எனக்கு வயிறு எரியும். கோரல் சனெட்டி தன் எழுபத்து மூன்றாவது வயதில் இடது கையால் பந்து உருட்டக் கிளம்பியபோது என் வயிறு தினமும் எரிந்தது.

கோரல் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் ஜீனோ இளவயதிலேயே போய்விட, பள்ளிக்கூட பஸ் ஓட்டித்தான் பிள்ளைகளைக் கரையேற்றினாள். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் அதட்டலுக்குப் பயந்து வளர்ந்தவர்கள். பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு அவளுக்கு சனிக்கிழமை ஆட்டம்தான் உயிர். கிளப்பின் நால்வர் அணியில் முதலில் உருட்டுபவள் அவள். எதிரே கிடக்கும் சின்ன வெள்ளைக் குண்டை ஒட்டிப் பந்தை நிறுத்திக் காட்டுவாள்.

போன கோடையில் மாங்காய் பறிக்க ஏணியில் ஏறி விழுந்தாள். வலது தோள் போயிற்று. அந்தக் கையால் இனி பந்து கூடாது என்றார் டாக்டர். அணியைத் தேர்ந்தெடுக்கும் நரெல் பஞ்சு மனசுக்காரி. அவள் மெதுவாகச் சொன்னாள்: "கசாப்புக்கார டெஸ் உன் எடத்துல ஆடட்டும் கண்ணு. நீ டீ போட்டுக் குடுத்துக்கிட்டு எங்ககூடவே இரு."

"டீயா? எனக்கு இன்னொரு கை இருக்குடி! சீசன் ஆரம்பிக்கட்டும், டெஸ்ஸையும் என்னையும் மோதவிட்டுப் பாரு. தோத்தா நானே டீ கெட்டிலைத் தூக்கறேன்."

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவளுக்கு ஐம்பது தாண்டியே எவ்வளவோ காலமாகிவிட்டது.

எங்கள் பந்து நேராகப் போகாது. அதன் ஒரு பக்கம் சின்ன வட்டம், மறுபக்கம் பெரிய வட்டம். வேகம் குறையக் குறையச் சின்ன வட்டத்தின் பக்கமாக வளையும். அந்த வட்டத்தைப் பக்கம் மாற்றிப் பிடித்து உருட்டினால் பக்கத்து ஆட்டத்துக்குள் போய் நிற்கும். எங்களுக்குள் அதைவிட மானக்கேடு இல்லை. உருட்டியவர் எல்லாருக்கும் பீர் வாங்கித்தர வேண்டும். கை மாறியதும் கோரலுக்கு இடம் வலம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பந்து குழி பறித்து விழுந்தது, கண்ட பக்கம் ஓடியது. நரெல் ஓடிப்போய்க் காலால் தடுத்து, கையில் எடுத்து வந்து கொடுப்பாள். "பரவால்ல கண்ணு, நூல்ல தப்பிருச்சு." வாரக்கணக்கில் இதே கதைதான். கோரலோ என் புல் மேடு பள்ளமாக இருக்கிறது என்றாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஒருநாள் அவள் என் கொட்டகைக்கு வந்து நின்றாள். தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் விக்கி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"பின்மண்டையில சிறுமூளைன்னு ஒண்ணு இருக்குதாம். பந்து போகும்னு நான் நெனச்ச எடம் ஒண்ணு, அது போய் நிக்கிற எடம் ஒண்ணு. அந்த வித்தியாசத்தைப் பாத்துப் பாத்துத்தான் அது கையைத் திருத்துமாம். வயசானா அது சுருங்கும், மெதுவாத்தான் கத்துக்கும்னு சொன்னா. ஆனா கத்துக்குமாம்!"

"சரி, நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"தப்புதான்யா அதுக்குத் தீனி! அந்தத் தீனியத்தான் நரெல் கால்ல தடுத்துத் தூக்கிட்டு வந்துடறா."

மறுநாள் புல்தரையே அதிரக் கத்தினாள். "என் பந்தைத் தொடாத நரெல்! அது எங்க போய்ச் சாகுதுன்னு நான் பாக்கணும்." நரெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கோரல் நேராக டெஸ் பர்ட்டெலிடம் போனாள். டெஸ் கசாப்புக் கடையை மூடிவிட்டாலும் கத்தியை நாக்கில் வைத்திருப்பவன்.

"யோவ், தினமும் காலையில வந்து என் தப்பைச் சொல்லணும். மழுப்பக் கூடாது."

"உன் எடத்தைப் பிடிக்கப் போறவனையே கூப்பிட்டுத் திட்டச் சொல்றியா? காசே வேணாம், நாளைக்கே வரேன்."

வந்தான். "ஒரு கஜம் அகலம்!" "நாலு முழம் நீளம்!" "இது பந்தா, பட்டி தாண்டுன பன்னியா?" பந்து நிற்கும்வரை கோரல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள். நேற்றுப் பழகியது பாதி இன்று மறந்திருக்கும், பாதி தங்கியிருக்கும். குளிர் தொடங்கிய ஒரு காலையில் உருளை ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு குழிகூட இல்லை. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

ஒரு குறை மட்டும் இருந்தது. இடப்பக்கமாகப் போய் வளையும் பந்து அவளுக்கு வந்துவிட்டது. வலப்பக்கமாக அனுப்பினால் பாதி நேரம் மாற்றிப் பிடித்துவிடுவாள்.

சீசன் தொடங்கி, அணித் தேர்வு நாளில் இருவரும் மோதிச் சமமாக வந்தார்கள். கடைசிச் சுற்று. கோரல் கையில் கடைசிப் பந்து. டெஸ்ஸின் பந்து வெள்ளைக் குண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவனுடைய மற்ற பந்துகள் இடப்பக்க வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. மிச்சமிருந்தது வலப்பக்கம்தான்.

கோரல் குனிந்தாள். கடைசி நொடியில் உள்ளங்கையில் பந்தைத் திருப்பினாள். அது சத்தமே இல்லாமல் புல்லில் இறங்கி, அகலமாக வலப்பக்கம் ஓடியது. பக்கத்து ஆட்டத்தின் எல்லைக்கே போவதுபோல் இருந்தது. டெஸ் கையைத் தூக்கிக் குதித்தான். "மாத்திப் பிடிச்சிட்டா! எல்லாருக்கும் பீர்! எனக்குப் பெரிய கிளாஸ்!"

கோரல் அவனைப் பார்க்கவே இல்லை. பந்தையே பார்த்தாள். அதன் வேகம் குறைந்தது. மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு நன்றாகவே வளைந்து உள்ளே வந்து, டெஸ்ஸின் பந்தைத் தாண்டி, வெள்ளைக் குண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நான் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தேன். அது என் புல்லிலேயே விழுந்தது, நான் கவலைப்படவில்லை. நரெல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நல்ல அதிர்ஷ்டம் கண்ணு!"

"அதிர்ஷ்டமா? அத்தனையும் நான் பண்ணுன தப்புடி," என்றாள் கோரல்.

யாரோ கேட்டார்கள்: "அப்ப சனிக்கிழமை டீ யாரு போடறது?" எல்லாரும் திரும்பி டெஸ்ஸைப் பார்த்தோம். திட்டித் திட்டி எதிரியை வளர்த்தவன் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனான்.

கோரல் இடது கையால் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி கொதிக்கல. சர்க்கரை தூக்கல். பாலு பத்தல. நாளைக்கும் போடு டெஸ், நான் வந்து தப்பைச் சொல்றேன்."