விலைச்சீட்டு அறுபடாத சால்வை

எடின்பரோவில் சீனப் பிள்ளைகள் என்றாலே பணம் கொழுத்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படிக்கப் போன இடத்தில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த மியாவ் ஷூவைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். பெரிய கடையின் தடித்த காகிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாள். உள்ளே இருப்பது முட்டைச் சோறு. சூப்பர்மார்க்கெட்டில் விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டும் நேரம் பார்த்து முதல் ஆளாக நிற்பாள். ஒரே ஒரு காபி வாங்கி, ஆளுக்கொரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் குடிப்போம். நான் திரும்பி வந்துவிட்ட ஹார்பினில் இன்று எத்தனையோ நல்ல காபி கிடைக்கிறது. மனசு என்னவோ அந்த ஆறிப்போன காபிக்குத்தான் ஏங்குகிறது.

அப்படிப்பட்ட கஞ்சப் பிசினாரி, ஒரு குளிர்காலம் முழுக்க மிச்சம் பிடித்து அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினாள். அம்மா சீனாவில், ஹெங்யாங் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தனக்கென்று புதிதாக எதையும் அவள் போட்டு மகள் பார்த்ததே இல்லை. இதையாவது அம்மா போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று மியாவ் ஷூ துடித்தாள். பெட்டியைக் கட்டும்போது நான் மூடியில் சோயா சாஸைக் கொட்டிவிட்டேன்.

"உன் கையை உடைக்கணும்டி!"

துடைத்தும் கறை போகவில்லை. அப்படியே அனுப்பினோம். அதன்பிறகு எப்போது கேட்டாலும், "பத்திரமா இருக்கு" என்றுதான் அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

அடுத்த செப்டம்பரில் ஹெங்யாங்கிலிருந்து தாவ் யிங் என்ற பெண் புதிதாகப் படிக்க வந்தாள். மியாவ் ஷூதான் அவளுக்கு அறை பார்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றியோடு ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அம்மா குடுத்துவிட்டாங்க அக்கா. வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு நம்ம ஊர்ச் சரக்கு எங்க பிடிக்கப்போகுதுன்னு, வீட்டுல இருந்த வெளிநாட்டுச் சாமானா பார்த்து எடுத்தாங்க."

மூடியில் என் சோயா சாஸ் கறை! உள்ளே மடிப்புக் கலையாமல், விலைச்சீட்டோடு அதே சால்வை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊர் மிளகாய் ஊறுகாய்க்கு உயிரை விடுகிற மியாவ் ஷூ, தாவ் யிங் போன பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

போனில் மியாவ் ஷூவின் அம்மா மழுப்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள். "எங்க கடை மேனேஜரம்மா பொண்ணுக்குக் கல்யாணம். வெறுங்கையோடயா போறது? இத்தனை நல்ல பொருளை எனக்குன்னு பிரிக்க மனசு வரலடி."

மேனேஜரம்மாவுக்கும் பிரிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அது அப்படியே கைமாறி தாவ் யிங்கின் வீட்டுக்குப் போய்விட்டது.

மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க ஜூலையில் அம்மா வந்தாள். விமான நிலைய வாசலில் அந்தக் கோடையிலும் ஊசியாய்க் குத்தும் காற்று. மியாவ் ஷூ பையிலிருந்து சால்வையை எடுத்து, விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அடிப்பாவி! இனிமே இதை யாருக்குக் குடுக்க முடியும்?"

"யாருக்கும் முடியாது. கழுத்தைக் காட்டு."

அம்மா முறைத்துக்கொண்டே கழுத்தைக் காட்டினாள். பிறகு குனிந்து, கீழே விழுந்த சீட்டைப் பொறுக்கிப் பர்சில் வைத்துக்கொண்டாள். "விலை சொன்னா எங்க கடையில நம்பணுமே."

ஊர் போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் கூப்பிட்டாள். கொதிக்கிற ஆகஸ்ட். பின்னால் மின்விசிறி சுழல்கிறது, நெற்றியில் வேர்வை வழிகிறது, கழுத்தில் சால்வை.

"கழட்டும்மா, புழுங்குதுல்ல?"

"போடி," என்றாள் அம்மா. "நீ போட்டுவிட்டது."