எந்த இல்லை?

எங்கள் தெருவில் அக்காவுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே விழிப்பார். நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள், தையற்கடை வைத்திருக்கிறேன். நானும் அளக்கிறவள்தான். ஆனால் எதை வெட்டினாலும் இரண்டு விரற்கடை தாராளமாக விட்டுத்தான் வெட்டுவேன். அக்காவிடம் அந்தத் தாராளம் கிடையாது. உப்பு கொஞ்சம் போடு என்றால், கொஞ்சமென்றால் எவ்வளவு என்று கேட்டு உயிரை வாங்குவாள்.

நகராட்சியின் நீர்நிலைப் பிரிவில் அவளுக்கு ஏரியை அளக்கும் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவாள். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. அப்புறம் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள இரும்புச் சட்டத்தைக் கரையோரம் பத்து இடத்தில் போட்டு, அதற்குள் இருக்கும் உயிர்களைக் குனிந்து கையால் தடவி எண்ணுவாள். ஏரிக்கு நான்கு கரை. ஒவ்வொன்றிலும் பத்துச் சட்டம்.

“நிறைய இருக்குன்னு எழுதிட்டு வர வேண்டியதுதானே? எதுக்கு இடுப்பை ஒடிச்சிக்கிறே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நிறையன்னா எத்தனை? போன வருஷமும் நிறைய, இந்த வருஷமும் நிறைய. நடுவுல பாதி செத்துப்போயிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?”

அதோடு விட்டிருந்தால் அவள் ஸ்கேல் இல்லை. என் கடை அலமாரியைக் காட்டினாள்.

“இங்க நூறு நூல்கண்டு இருக்கு, இருபது நிறம். இன்னொரு கடையிலயும் நூறு கண்டு, ஆனா எல்லாம் கறுப்பு. ரெண்டும் நூறுதானேன்னு விட்டுடுவியா? கறுப்பு நூல் வர்றது நின்னா அவன் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஏரியும் அப்படித்தான். மொத்தம் எத்தனைன்னு மட்டும் பார்த்தா போதாது. எத்தனை வகை, ஒவ்வொரு வகையிலயும் எத்தனைன்னு பார்க்கணும்.”

அவளுக்கு மிகவும் பிடித்தது நன்னீர் மட்டி. கறுத்த ஓட்டுக்குள் வாய் மூடிக் கிடக்கும், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஒருமுறை கலங்கல் தண்ணீர் நிறைந்த கண்ணாடிச் சாடியில் நான்கு மட்டியைப் போட்டு, என் சமையலறை ஜன்னலில் வைத்தாள். பக்கத்திலேயே மட்டி போடாத சாடி ஒன்று. மத்தியானத்துக்குள் முதல் சாடிக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. மற்றது கலங்கியபடியே இருந்தது. ஊர் குடிக்கிற தண்ணீரை இதுகள்தான் முதலில் வடிகட்டித் தருகின்றன என்றாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் மட்டியை எண்ணுகிற மட்டி என்று அவளைக் கேலி செய்வதை நான் விடவில்லை.

சென்ற வருட ஆரம்பத்தில் அக்காவுக்கு முட்டி வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. அவளுடையது ஒப்பந்த வேலை, மூன்று வருடம் பாக்கி இருந்தது. தண்ணீரில் இறங்க முடியாதவளை அந்தப் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற மூன்று கரைகளும் சமதரை, அங்கே எப்படியோ சமாளித்துவிட்டாள். தெற்குக் கரை மட்டும் செங்குத்தான சரிவு. மார்ச்சில் மேலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். பதிவேட்டில் தெற்கு மட்டிக்கு எதிரே என்ன எழுதுவது? எண்ணாமல் எண் எழுத அவளுக்குக் கை வராது. ‘போகவில்லை’ என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். யோசித்து ‘இல்லை’ என்று எழுதினாள். அளவு எடுக்கவில்லை என்பது அவள் மனதில் இருந்த அர்த்தம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதையே எழுதினாள். பொய் சொல்லத் தெரியாத என் அக்கா ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கணினிப் பிரிவில் இருந்தவர் அந்த மூன்று ‘இல்லை’க்கும் மூன்று பூஜ்யம் தட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. மட்டி எத்தனை என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதியிருந்தால் யாராக இருந்தாலும் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரி பதினான்கு, பிப்ரவரி பதினொன்று, பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தெற்குக் கரையில் மட்டி அற்றுப்போய்விட்டது என்று அறிக்கை தயாரானது. அந்தப் பக்கத்தை மண் கொட்டி மேடாக்கி வண்டி நிறுத்தம் கட்டலாம் என்று நகராட்சிப் பொறியாளர் வரைபடமே போட்டுவிட்டார். ஜூன் மாத நகராட்சிக் கூட்டத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா நேரே என் கடைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாயை மூடிட்டு இரு. மட்டிக்காக யாராவது வேலையை விடுவாங்களா? முட்டியைக் காப்பாத்தவா, மட்டியைக் காப்பாத்தவா?”

“உயிரோட இருக்கிறதை நான் செத்ததா எழுதிட்டேன்டி.” அவள் அழுதாள். முட்டி வலிக்குக்கூட அழாதவள்.

கூட்டத்துக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நீள மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சுவரோரம் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பொறியாளர் மூன்று பூஜ்யத்தையும் வாசித்து முடித்ததும் அக்கா எழுந்தாள்.

“சார், அது பூஜ்யம் இல்ல.”

“நீங்கதானேம்மா இல்லைன்னு எழுதியிருக்கீங்க?”

“பூஜ்யம்னா, இறங்கித் தேடிப் பார்த்து ஒண்ணும் கிடைக்காதது. அதுவும் ஒரு எண்ணிக்கைதான். நான் இறங்கவே இல்ல, சார். மூணு மாசமா எனக்கு முட்டி மடங்கல. அதைச் சொல்லப் பயந்துக்கிட்டு அப்படி எழுதினேன்.”

நகராட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாளைக்கே மறுபடி எண்ணுங்கள், பொறியாளர் கண் முன்னால் எண்ணுங்கள் என்றார். அக்காவின் வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார்.

யார் இறங்குவது? பிரிவில் தட்டச்சு செய்யவும் கோப்பு பார்க்கவும் ஆள் இருந்தது, சேற்றில் கை விட ஒருவரும் இல்லை. கடைசியில் பூட்ஸை மாட்டிக்கொண்டு நான்தான் இறங்கினேன். மேலே நாற்காலி போட்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் பொறியாளரும் தலைவரும் நின்றார்கள்.

முதல் சட்டத்தைப் போட்டுத் தடவினேன். சேறு, ஒரு கல், வேர்.

“இல்ல” என்றேன்.

“எந்த இல்ல?” மேலேயிருந்து அக்காவின் குரல். “நாலு மூலையும் தடவிட்டியா?”

தடவியிருக்கவில்லை. அவசரத்தில் நடுவில் மட்டும்தான் தடவியிருந்தேன். மறுபடி குனிந்து நான்கு மூலையும் தேடினேன். ஒன்றும் இல்லை.

“தேடிட்டேன். பூஜ்யம்” என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பத்தும் இப்படியே போனால் அவள் வேலையும் போய், மட்டியும் போய்விடும்.

இரண்டாவது சட்டத்தில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஓரம் கூராக இருந்தது. எடுத்தேன், கறுத்த ஓடு, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவலட்சணம் பிடித்த அந்த மட்டியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பத்துச் சட்டத்திலும் சேர்த்து ஒன்பது. சதுர மீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவு. தெற்குக் கரையின் ஆழமில்லாத பகுதி நாலாயிரம் சதுர மீட்டர். அக்கா அங்கேயே பெருக்கிச் சொன்னாள், ஏறத்தாழ மூவாயிரத்து அறுநூறு. ஜனவரிக் கணக்கில் ஐயாயிரத்து அறுநூறு. குறைந்துகொண்டுதான் வருகிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். வண்டி நிறுத்தம் வேறு பக்கம் போயிற்று.

அக்காவின் ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு முடித்துவிட்டார்கள். பதிவேட்டை ஒப்படைக்கும் முன் மூன்று ‘இல்லை’யையும் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘போகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இப்போது என் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள். இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துதான் தைக்கிறாள். ஒரு சட்டைக்கு அரை மணி நேரம் ஆகிறது.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் சும்மா ‘இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. சாவியைக் காணவில்லை, கத்தரிக்கோல் இல்லை என்றால் உடனே கேள்வி வரும், எந்த இல்லை என்று.

போன செவ்வாய்க்கிழமை, மாதத்தின் முதல் செவ்வாய், அவள் ஊசியை வைத்துவிட்டு ஏரி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை போனதுல வருத்தம் இருக்காக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள்.

“எந்த இல்ல?”

அவள் ஊசியை எடுத்து, நூல் கோத்து, முடிச்சுப் போட்டாள்.

“இன்னும் இறங்கிப் பார்க்கலடி” என்றாள்.