கிளியனூர்க்காரர் என்ன ஆனார்?

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு எல்லாமே பாதிக் கதைதான். நெஞ்சுவலி என்று ஏற்றிய ஆளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவோம். கதவு மூடிக்கொள்ளும். பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குச் சொல்ல ஒரு நாதி கிடையாது.

கிளியனூர்க்காரரை ஏற்றிய அன்று பெரிய ரகளை. வண்டியிலேயே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த எங்கள் நர்ஸ் பெண், "திண்டிவனத்துல நிக்காதீங்கண்ணா, நேரா விழுப்புரம் போங்க. இவருக்கு ரத்தக்குழாய் அடைப்பு எடுக்கணும், அந்த வசதி அங்கதான் இருக்கு" என்றாள். கூட வந்த மச்சான் வழியெல்லாம் கத்தினார்.

"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கச்சொல்ல எங்கய்யா இட்டுகினு போறீங்க? இவருக்கு எதுனா ஆச்சு, உங்க ரெண்டு பேரையும் சும்மா வுடமாட்டேன்!"

அந்தக் கத்தல் அவளுக்குள் தங்கிவிட்டது. அப்புறம் எந்த நெஞ்சுவலிக்குப் போனாலும், "எங்க போலாம்ணா?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னைக் கேட்டால்?

சரி, கிளியனூர்க்காரர் பிழைத்தாரா என்று விசாரித்துச் சொல்வோம் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குள் போனேன். புது ஆளிடம் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நீங்க சொந்தக்காரரா?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"இல்லீங்க. வண்டி ஓட்டினவன்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்குங்க அது?"

திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் புதுச்சேரியில் ஒருவரை விட்டுவிட்டு வரும் வழியில், வண்டியைக் கிளியனூர்க்காரர் தெருவுக்குள் திருப்பினேன். மரியாதையாக, சைரன் போடாமல் மெதுவாகப் போனேன். சத்தமில்லாமல் ஊருக்குள் வரும் ஆம்புலன்ஸ் எதைக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கென்று மறந்து தொலைத்தேன்.

"ஐயோ, மெட்ராசுல இருக்கற எம்புள்ளையக் கொண்டாந்துட்டாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார் அவர் வீட்டம்மா. தெருவே கூடிவிட்டது. பின்கதவைத் திறந்து, உள்ளே யாருமில்லை என்று காட்டிய பிறகுதான் அழுகை நின்றது.

சோற்றுக் கையோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். அவரேதான்!

"அன்னிக்கி உசுரக் காப்பாத்திட்டு, இன்னிக்கி மறுபடியும் நெஞ்ச நிறுத்தவா வந்தீங்க?"

நர்ஸ் பெண் வண்டியிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். "விழுப்புரத்துலயே அடைப்பு எடுத்துட்டாங்களா ஐயா?"

"ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்னு டாக்டரு சொன்னாரு."

அன்று கத்திய மச்சான், எங்களைப் பார்க்காமல் மல்லாட்டையை உடைத்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்துவிட்டது.

"நல்லா சொன்ன போ. உங்களுக்குப் போன் பண்ணா வண்டியில்ல வரும்? ஜல்தி வண்டிய எடுங்க, வாசல்ல நிக்காதீங்க" என்றார் கிளியனூர்க்காரர்.

கண்ணாடியில் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் அந்த அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து வந்த நெஞ்சுவலி, கண்டாச்சிபுரத்துக்காரர். அவள் என்னைக் கேட்கவில்லை. "விழுப்புரம்ணா, நேரா" என்றாள்.

அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. அவர் தெருவுக்குள் வண்டியைத் திருப்ப எனக்குத் தைரியமில்லை.