கிராம் சாரின் பக்கத்து சீட்

பார்சல் ஆபீஸில் எடை போடும் மேஜைக்காரருக்குக் கிராம் சார் என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பொட்டலத்தையும் ஒரு தரம் கையில் தூக்கிப் பார்த்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவார். தராசு பின்னாலேயே வந்து ஒத்து ஊதும். கடவுள் கொடுத்த இந்த ஒரு வித்தையோடு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? கார் வாங்கினார்.

பழைய கார்தான். இரண்டே சீட், துணிக் கூரை, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரும் மனைவியும் அதில் ஏறிச் சுற்றினார்கள். அந்த அம்மாள் கூரையை மடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். வளைவு வந்தால் "இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்பார். பயப்படுவது கிராம் சார்தான்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவன் மச்சினன், அந்த அம்மாளின் தம்பி. பந்தயத் தடத்துக்கென்றே செய்த ஒரு காரை வாங்கினான். ஐநூறு குதிரைத்திறன், பின்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு இறக்கை. ஊருக்கு வெளியே இருக்கும் தடத்துக்கு அத்தானை அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று அடித்தான். இறங்கினதும் அத்தான் பத்து நிமிஷம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் சொன்னதைக் கேட்க வேண்டுமே!

"அப்படி ஒண்ணும் பிரமாதம் இல்ல. வண்டி ரொம்ப கனம்."

அன்றைக்குப் பிடித்தது சனி. அவருடைய காரில் இருந்தது நூற்றுப் பத்துக் குதிரை. அதைக் கூட்ட வேண்டுமென்றால் என்ஜினையே மாற்ற வேண்டும், என்ஜினை மாற்ற வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். குதிரையைக் கூட்ட வக்கில்லாதவன் பாரத்தைக் குறைப்பான். கனம் குறைந்த வண்டி சட்டென்று வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். கணக்கு சரிதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. குற்றமெல்லாம் கணக்குப் போட்டவரிடம்தான்.

முதலில் ஸ்டெப்னி டயர் போயிற்று. அப்புறம் ஏ.சி., ரேடியோ, தரைவிரிப்பு, கதவின் உள்பக்கத் தகடு, அந்தத் துணிக் கூரை. கழற்றிய ஒவ்வொன்றையும் ஆபீஸ் தராசில் வைத்து ஆனந்தப்பட்டுவிட்டுத்தான் பரணில் போட்டார். சாவிக் கொத்திலிருந்து பீரோ சாவியைக்கூடப் பிரித்தெடுத்தார். இத்தனைக்கும் நடுவில் ஒரு தடவை குனிந்து தன் தொப்பையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவும் செய்தார். அது காரோடு வந்த சாமான் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் மிஞ்சியது பக்கத்து சீட்.

"பன்னிரண்டு கிலோ," என்றார் மனைவியிடம், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது போல.

"அதுல நான்ல உட்காருவேன்?"

"நீ உட்கார்ந்தா இன்னும் ஒரு அறுபத்திரண்டு."

 அந்த அம்மாள் கழற்றிய சீட்டைப் பரணுக்குப் போகவிடவில்லை. பால்கனியில் இரண்டு மரக்கட்டை போட்டு அதன்மேல் நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி அதில் சாய்ந்துகொள்வார். கிராம் சார் கீழே ஷெட்டில் காருக்கு அடியில் கிடப்பார். ராத்திரி அவர் மேலே வரும்போது சாப்பாட்டுத் தட்டு மூடியிருக்கும், அந்த அம்மாள் தூங்கியிருப்பார். ஆறியதைத் தின்றுவிட்டுப் படுப்பார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அந்த இரண்டு வருடத்தில் காரின் எடை குறைந்துகொண்டே வந்தது, வீட்டில் பேச்சும் அப்படியே.

நடுவில் இறக்கை ஆசை வேறு பிடித்தது. மச்சினன் காரில் இருக்கிறதே! பழைய இரும்புக்கடையில் ஒன்றைப் பிடித்துவந்து டிக்கி மேல் முடுக்கினார். தடத்தில் நேர்ப்பாதையில் வேகமெடுத்ததும் காற்று அந்த இறக்கையைப் பிடித்து வண்டியின் பின்பக்கத்தை அமுக்கியது. பின்பக்கம் அமுங்கினால் மூக்கு லேசாகத் தூக்கத்தானே செய்யும்? வளைவு வந்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பினார், கார் திரும்பவில்லை. நேராகப் புல்லுக்குள் போய் நின்றது. ஓடிவந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"சார், பின்னாடி அமுக்கினா முன்னாடியும் அமுக்கணும் சார். உங்க மச்சினர் வண்டியில மூக்குக்குக் கீழ ஒரு பலகை இருக்கே, அது என்ன அழகுக்கா?"

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக்கூட கிராம் சார் கவனிக்கவில்லை. இறக்கை ஒன்பது கிலோ என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. அன்றைக்கே கழற்றிவிட்டார்.

காரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்ததும் உண்டு. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து உள்ளே பார்த்தார், பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "மீதி எங்கே சார்?" கிராம் சார் ஒவ்வொன்றாகக் கழற்றிய எடையைப் பெருமையாகச் சொன்னார். அவர் கழற்றியதெல்லாம் வண்டியின் மதிப்பைத்தான் என்று வந்தவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி முக்கியமான கூத்து. தடத்தில் வருடத்துக்கு ஒருமுறை கிளப் ஒரு போட்டி நடத்தும். ஒவ்வொரு காராகத் தனியே ஒரு சுற்று ஓட வேண்டும், யாருக்கு நேரம் குறைவோ அவருக்குப் பரிசு. என்ஜின் அளவை வைத்துச் சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு என்று பிரிப்பார்கள். இது அநியாயம் என்று கிராம் சார் கொடி பிடித்தார். என்ஜினைப் பார்த்தால் போதுமா, எடையைப் பார்க்க வேண்டாமா, ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தல்லவா பிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று பேசினார். அவர் வாயை மூட வேறு வழியில்லாமல் கிளப்பும் ஒத்துக்கொண்டது. குதிரைக்கு எட்டுக் கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் சின்ன வகுப்பு, குறைந்தால் பெரிய வகுப்பு. கிராம் சார் கைதட்டினார். தன் வண்டிக்கு மட்டும் அந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க மறந்துபோனார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கைதட்டி வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

போட்டிக்கு முந்தின நாள் எடை பார்த்தார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு. ஓட்டுகிறவரும் உள்ளே உட்கார வேண்டும். எடை பார்த்தவர் கணக்குப் போட்டுவிட்டு, "வாழ்த்துக்கள் சார், நீங்க பெரிய வகுப்பு," என்றார். பெரிய வகுப்பில் மச்சினனும் அவனைப் போன்ற பூதங்களும் இருந்தார்கள். சின்ன வகுப்புக்கு அறுபத்தெட்டுக் கிலோ குறைகிறதாம்.

"மணல் மூட்டை வெச்சுக்கலாமா?" என்றார் கிராம் சார், ஈனசுரத்தில்.

"மூட்டை முடிச்சு கூடாது சார். ஓட்டறவர், பக்கத்துல ஒரு ஆள், அவ்வளவுதான். சீட்டும் பெல்ட்டும் சரியா இருக்கணும்."

இரண்டு வருட உழைப்பு. சின்ன வகுப்பில் முதல் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சீட் பன்னிரண்டு, அவள் அறுபத்திரண்டு, மொத்தம் எழுபத்துநான்கு. வழியெல்லாம் கூட்டிக்கொண்டே வீடு வந்தார். பால்கனியில் அந்த அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த சீட் கொஞ்சம் வேணும்," என்றார்.

"எதுக்கு?"

சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். டீ தளும்பியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு நிற்கவில்லை.

"அப்போ பாரம்னு இறக்கி விட்டீங்க, இப்போ பாரம் வேணும்னு ஏத்திக்கறீங்க. அப்படித்தானே?"

"அப்படின்னு இல்ல..."

"அப்படித்தான். சரி, வரேன். பயந்துக்கிட்டு மெதுவா ஓட்டினா நடு வழியில இறங்கிடுவேன், ஆமா."

மறுநாள் காலை சீட்டைப் பொருத்தி, பெல்ட் மாட்டி, இருவரும் தராசில் ஏறினார்கள். எடை பார்த்தவர் எண்ணைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"ரெண்டு கிலோ குறையுது சார்."

"இருக்காது!" என்று கிராம் சார் எகிறினார். "ஆறு கிலோ கூடவே இருக்கணும். உங்க தராசு தப்பு. நான் தராசுலயே வாழறவன் சார், எனக்கா தெரியாது?"

தராசை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு கிலோ குறைவுதான். மூன்றாவது தடவை பார்க்கச் சொல்லி வாயெடுத்தபோது அந்த அம்மாள் அவர் கையைத் தொட்டார்.

"தராசு சரியாத்தாங்க இருக்கு. நான்தான் குறைஞ்சுட்டேன்."

"எட்டுக் கிலோவா? எப்போ?"

"தனியா உட்கார்ந்து எவ்வளவுதான் சாப்பிட முடியும்?"

 கிராம் சாரைத் தூக்கத்தில் எழுப்பி ஹாரன் எத்தனை கிராம் என்று கேட்டாலும் சொல்வார். பக்கத்தில் படுத்திருந்தவள் இரண்டு வருடமாகக் கரைந்துகொண்டிருந்தது தெரியவில்லை. தூக்கிப் பார்த்தே எடை சொல்லுகிறவராம்! ஊரை ஏமாற்றித் தின்றிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். 

அதற்குள் மெக்கானிக் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். "ரெண்டே லிட்டர் சார்! அம்மாவைக் குடிக்கச் சொல்லுங்க, சின்ன வகுப்புக்குப் போயிடலாம்!"

அந்த அம்மாள் கையை நீட்டிவிட்டார். கிராம் சார்தான் பாட்டிலைத் தள்ளினார். பரிசுக்காக இவளைத் தண்ணீர் மூட்டையாக வேறு ஆக்குவதா? "பெரிய வகுப்புலயே போட்டுக்குங்க," என்றார். 

பெரிய வகுப்பில் ஓடினார்கள். கடைசி என்றால் சாதாரணக் கடைசி இல்லை, இவர்கள் ஒரு சுற்று ஓடின நேரத்தில் மச்சினன் தன் சுற்றை முடித்து, இறங்கி முகமும் கழுவியிருப்பான், அத்தனை வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்து "இன்னும்! இன்னும்!" என்று குரல் வந்தது. கூரை இல்லை, காற்று முகத்தில் அறைந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் காலை நீட்டியிருந்தார். இறங்கினதும் மச்சினன் அக்காவைப் பார்த்து, "என்னக்கா, கடைசியா வந்துட்டு இப்படிச் சிரிக்கறே?" என்றான்.

 திரும்பும் வழியில், வீட்டுத் தெரு வந்ததும் கிராம் சார் சொன்னார்.

"அடுத்த போட்டிக்குள்ள உனக்கு எட்டுக் கிலோ ஏத்தணும். இனிமே ராத்திரி சேர்ந்துதான் சாப்பிடறோம்."

அந்த அம்மாள் அவருடைய தொப்பையை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ நீங்க எட்டு இறக்குங்க. நான் எட்டு ஏத்தறேன்."

கிராம் சார் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மொத்தம் மாறாது, அதே இரண்டு கிலோ குறையும், பெரிய வகுப்பில் கடைசி இடம் ஆயுசுக்கும் அவருக்குத்தான். சரி என்றார்.