கண்ணாடித் துரைக்குச் செய்து கொடுத்த கண்

முதல் பெரட்டு

பேரரசு என்னை வேலைக்கு எடுத்த அன்று நான் காலைத் தேத்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை. டிக்கோயாவில் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களோடு என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஆள் எண்ணி அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. நான் அங்கே நிற்க வேண்டியவள் அல்ல. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து பௌதிகம் படித்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அளவுக் கருவி செய்து கொடுக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் இருந்தேன். கொழுந்து காயவைக்கும் ட்ரையருக்குள் ஆவி மண்டிக் கிடக்கும்போதும் மலையைப் பனி மூடியிருக்கும்போதும் சூட்டைச் சரியாக அளப்பது எப்படி என்பது என் ஆராய்ச்சி. அதை வாசித்தவர்கள் உலகத்தில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். பேரரசும் வாசித்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வானத்திலிருந்து பேரரசின் ஆட்கள் வந்தபோது பெரிய சண்டை நடந்தது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கொழும்பில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் மலையில் பெயர்ப்பலகை மாறியது. எத்தனையோ கம்பனிகளுக்குக் கைமாறிய தோட்டம் அது. "இந்தத் தடவ எந்த ஊரு கம்பனிங்க?" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள். அவர் மேலே கையைக் காட்டினார். "நுவரெலியாவா?" என்றாள் அவள், எங்களுக்கு மேலே இருக்கும் ஊர் அதுதான்.

பெரட்டுக்கு வந்த அதிகாரி தலையில் ஒரு கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்திருந்தார். எங்கள் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கண்ணாடித் துரை என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தாகிவிட்டது. அவர் தமிழ் பேசினார். வெள்ளைக்காரத் துரைமார் கூலிகளை வேலை வாங்குவதற்காக அந்தக் காலத்தில் படித்த தமிழ் அது. வா, போ, எடு, வை, பேசாதே. அந்தத் தமிழில் 'ஏன்' என்ற சொல்லே கிடையாது. யாரையும் காரணம் கேட்க மாட்டார், தானும் சொல்ல மாட்டார். தன் கூலி உலகங்கள் எல்லாவற்றுக்கும் பேரரசு இந்தத் தமிழையே பொதுவாக்கிவிட்டது என்று பிறகு அறிந்தேன். வேலை வாங்க வசதியாம்.

"சூடு அளக்கும் ஆள், முன்னே வா," என்றார்.

போனேன்.

முள்கம்பி

கொட்டகலைக்கு மேலே மூடிக் கிடந்த ஒரு ஸ்டோரை ஆய்வுகூடமாக்கியிருந்தார்கள். முன்பு கொழுந்து வாட்டிய மாடியில் எங்கள் மேசைகள். வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரரசிடம் ஒரு கருவி இருந்தது. அது ஆகாயத்தில் நின்று சூரியனின் சூட்டைத் திரட்டிக் கீழே ஒரு மலைமேல் கொட்டும். நாங்கள் அதைக் 'கண்' என்றோம். காற்றில்லாத இடங்களில் அதன் குறி தவறாது. பனி மூடிய மலையில் மட்டும் சூடு சிதறி எங்கேயோ போய் விழுந்துகொண்டிருந்தது. பனிக்குள் சூடு எப்படிப் போகும் என்று தெரிந்தவள் நான். ஆகவே குறி பார்க்கும் பகுதியை நான் செய்ய வேண்டும்.

முடியாது என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. சொல்லாததற்குக் காரணம் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தாலே தெரியும். கீழே ஒரு லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்திருந்தார்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களின் வீட்டார் அதற்குள் பிணை. என் தம்பி செல்வராஜும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறைக் காம்பராவில் இருந்தார்கள். வேலை நடந்தால் அவர்களுக்கு அரிசியும் மாவும் வரும். நடக்காவிட்டால் எங்கோ ஒரு சந்திரனில் கல்லுடைக்க அனுப்பிவிடுவார்கள். எங்களோடு இருந்த ஒருவர் முடியாது என்று சொல்லிப் பார்த்தார். மறுநாள் அவர் வீட்டாரின் காம்பரா காலியாக இருந்தது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அவர்கள் காயப்போட்ட துணியை யாரும் எடுக்கவில்லை. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அது அங்கேயே கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலையைத் தொடங்கினேன். முதலில் அது வெறும் கணக்காக இருந்தது. கணக்கு என்றால் எனக்கு ஊண் உறக்கம் வேண்டாம். நன்றாகவே செய்தேன். ஒருநாள் துரை என் மேசையில் ஒரு படத்தை வைத்தார்.

"இந்த மலைக்குக் குறி பார்."

வேறு உலகத்து மலை. நிரை நிரையாகச் செடிகள், எல்லாம் நீல நிறம். நிரைகளுக்கு நடுவே குனிந்த முதுகுகள். படத்தைப் பெரிதாக்கினேன். முதுகில் கூடை இருந்தது. கூடையின் கயிறு நெற்றியில் மாட்டியிருந்தது. எங்கள் அம்மா மலையில் நின்ற மாதிரியே நின்றார்கள்.

"இதில ஆள் இருக்காங்க துரை," என்றேன்.

"வேலைக்கு வராத ஆள். பேச்சு அதிகம். மலையை எரி. மற்ற மலை பார்க்கும், வேலைக்கு வரும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வீட்டாரோடு பேச விடுவார்கள். அந்த ஞாயிறு செல்வராஜிடம் சொன்னேன்.

"தம்பி, நீங்க நெனைக்கிற மாதிரி நான் அங்க அடுப்பு ஒன்னும் செய்யல. ஆளுங்க இருக்கிற மலைய எரிக்கப் போறாங்க."

அவன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எங்களப் பத்தி யோசிக்காதக்கான்னு சொல்லத்தான் பாக்குறேன். வாய் வரல. சின்னவ இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கா."

"சொல்ல வேணாம்டா."

"வேற வழி ஒன்னு பாருக்கா. நீதான் படிச்சவ."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவர்கள் வழியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிவிட்டு வந்தேன். மாடிக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தூதன்

மாசி பிறந்தது. எங்கள் மலைகளில் மாசி என்றால் காமன் கூத்து. தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கும் கதைதான். ஆனால் எரிப்பதற்கு முன்னால் தூதன் ஓலை கொண்டு வந்து எச்சரிப்பான். காலில் சலங்கையோடு, தப்பு அடிக்க அடிக்க ஆடி வருவான். எங்கள் தோட்டத்தில் பல வருடமாகச் செல்வராஜ்தான் தூதன்.

முள்கம்பிக்குள்ளேயும் காமன் கம்பம் ஊன்றினார்கள். கண்ணால் எரிக்கும் கூத்து என்று யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். துரை பார்க்க வந்துவிட்டார். முன்வரிசையில் அவருக்குக் கதிரை போட்டார்கள். கூத்து நீண்டுகொண்டே போனது. துரை எழுந்தார்.

"போதும். நேரே நெருப்பு வை."

தப்பு நின்றது. கூத்து மாஸ்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தூதன் வராம நெருப்பு வைக்கிறது இல்லைங்க துரை. அதுதாங்க மொறை."

அடி விழப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தோம். துரை கண்ணாடிக் குடத்துக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். "முறை." பிறகு திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

செல்வராஜுக்கு அது போதும். அன்று அவன் ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வேண்டுமென்றே இழுத்தான். ஓலையை நீட்டுவான், மடிப்பான், மறுபடி ஒரு சுற்றுப் போவான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாருக்கும் எதற்கும் காத்திருக்காத துரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரணம் சொன்னால் அவருக்கு ஏறாது. இரக்கம் என்ற சொல் அவர் படித்த புத்தகத்திலேயே இருந்திருக்காது. முறை என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

வார்ம்-அப்

மறுநாள் துரையிடம் போனேன்.

"பனி உள்ள மலையில மொதல்ல மெல்லிய வெளிச்சம் விட்டுப் பனிய அளக்கணும் துரை. ஒரு பெரட்டுலேர்ந்து மறு பெரட்டு வரைக்கும், ஒரு முழு நாள். அதுக்குப் பெறகுதான் சூடு. அதுதான் முறை."

இதில் பாதி உண்மை. பனியை அளக்கத்தான் வேண்டும். ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் அளந்துவிடலாம். மீதி நேரமெல்லாம், மலையில் இருப்பவர்கள் இறங்கிப் போவதற்காக, செல்வராஜின் ஆட்டம். வரைபடத்தில் 'வார்ம்-அப்' என்று எழுதினோம். எங்களுக்குள் அதைத் தூதன் என்றே சொன்னோம். ட்ரையர் சூடேறாமல் யாரும் கொழுந்து போடுவதில்லை, ஸ்டோரில் வேலை பார்த்த எவரும் வார்ம்-அப் என்றால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். துரையும் பேசவில்லை.

வெளிச்சத்துக்கு நிறம் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. எங்களுக்குச் சாமான் கொண்டு வருபவர் ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஹனிபா நானா. ஆளை எழுப்பி விரட்ட எந்த நிறம் நல்லது என்று கேட்டேன்.

"என்னத்துக்குன்னு நான் கேக்க மாட்டேன் மிஸ். மஞ்சன்னா மனுசன் நின்னு பாப்பான். செவப்புன்னா வெலகுவான். பஸ்ஸுக்குப் பின்னால போற எவனுக்கும் இது தெரியும்."

சிவப்பையே வைத்தேன்.

கடைசிப் பரீட்சையில் துரைக்கு அவசரம் வந்துவிட்டது. ஆளில்லாத புல்மலை ஒன்றுக்கு, வார்ம்-அப்பை விட்டுவிட்டு நேரே சுடச் சொன்னார். வார்ம்-அப் இல்லாவிட்டால் குறி விலகும்படி நான் ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். சூடு புல்மலையை விட்டுவிட்டு, ஸ்டோர் வாசலில் இருந்த பேரரசின் கொடிக்கம்பத்தில் வந்து விழுந்தது. கம்பம் மெழுகுவர்த்தி மாதிரி வளைந்தது. துரை அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இனி முறை செய்," என்றார்.

அதற்குப் பிறகு கண்ணை அந்த நீல மலைக்குக் கொண்டு போனார்கள். சில வாரம் கழித்துத் துரை என் மேசையில் ஒரு பால்மாப் பெட்டியை வைத்தார்.

"மலை எரிந்தது. நல்ல வேலை."

"ஆளுங்க என்ன ஆனாங்க துரை?"

அவர் போய்விட்டார். பால்மாவைச் செல்வராஜின் சின்னவளுக்குக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நானுஓயா

பேரரசு வந்த மாதிரியே போனது. இலாபம் போதவில்லை என்று கேள்வி. பலகை மறுபடி மாறியது, கம்பியைப் பிடுங்கினார்கள். செல்வராஜ் இப்போது கொட்டகலையில் த்ரீவீல் ஓட்டுகிறான். மாசியில் இன்னும் தூதன் ஆடுகிறான், மூச்சுத்தான் வாங்குகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நீல மலைக்காரர்கள் இறங்கினார்களா, எரிந்தார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது. சாப்பிடும்போது நினைவு வரும். பாதியில் கை கழுவிவிடுவேன்.

பேரரசு வேறு உலகங்களிலிருந்து கொண்டுவந்து இங்கே இறைத்துவிட்டுப் போன கூலிகளில் சிலர் நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். போன மாதம் நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் கயிறு அழுத்திய தழும்பு. நகங்களில் கழுவினாலும் போகாத நீலம்.

"ஒங்க ஊர்ல ஒரு மலை எரிஞ்சுச்சாமே," என்றேன்.

"எங்க மலைதாங்க," என்றாள். தோட்டத் தமிழ்தான், கொஞ்சம் இழுத்துப் பேசினாள். "மொதல்ல செவப்பா ஒரு வெளிச்சம் வந்திச்சு. என்னமோ வரப்போகுதுன்னு எறங்கிட்டோம். நடக்க முடியாதவங்கள கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும் எறங்கிட்டீங்களா?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சப் பேரு எறங்கலைங்க. வெளிச்சம் அழகா இருக்குன்னு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க அண்ணனும்தான். ஒவ்வொருத்தரா பேசித்தான் கூட்டியாந்துக்கிட்டு இருந்தோம். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு."

ஹனிபா நானா சொன்னது பஸ் ஓடும் உலகத்துக்குச் சரி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அந்த வெளிச்சத்த வச்சது நான்தாம்மா. நெருப்புக்குக் குறி பாத்ததும் நான்தான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு நாளு போதும்னு யாருங்க சொன்னது?" என்றாள்.

ரயில் வந்தது. அவள் தன் மூட்டையோடு என் பையையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

இப்போது ஆய்வுகூடங்களில் சேரும் பிள்ளைகள், அனுபவத்தில் கற்றதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு என் மாதிரி நிலைமை வரக் கூடாது. வந்தால், செய்யும் கருவிக்குள் ஒரு தூதனை வையுங்கள். வைத்ததோடு தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பயத்தில் இருப்பவர்கள் எதையும் சின்னதாகத்தான் கேட்போம். அவள் கேள்விக்குப் பதில், யாரும் சொல்லவில்லை என்பதுதான். ஒரு நாள் என்று நானாகச் சொன்னேன், அதற்கே எனக்கு நாக்கு வறண்டது. நாலு நாள் என்று சொல்லியிருந்தாலும் துரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்.